டேவிஸ் நழுவிய கதையையும் சொல்லியிருக்கலாம்
அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த டேவிட் டேவிஸைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அவரை ‘அதிபர் லிங்கனின் நண்பர்’ என்ற அளவில் முடித்துக்கொண்டது குறைதான். குடியரசுக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த 1860 சிகாகோ மாநாட்டில் லிங்கனுக்காக ஓடியாடி ஆதரவு திரட்டியவர் அவர். 1862இல் உச்ச நீதிமன்றப் பதவியைக் கொடுத்தவரும் லிங்கனே. சரி, நன்றிக்கடன் என்று நினைக்கலாம். ஆனால் ராணுவம் சாராத வழக்கமான நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமக்களை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று 1866இல் மில்லிகன் வழக்கில் தீர்ப்பெழுதியவரும் இவர்தான். லிங்கன் அரசின் உள்நாட்டுப் போர்க்கால நடவடிக்கைக்கே விழுந்த குட்டு அது!

அப்புறம் 1877. முந்தைய ஆண்டு நடந்த அதிபர் தேர்தலில் வென்றது யார் என்ற தகராறைத் தீர்க்க அமைத்த 15 பேர் குழுவில், கட்சி சாராத ஒருவராக இவரைத்தான் எதிர்பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து இல்லினாய் சட்டமன்றம், ஜனநாயகக் கட்சியினர் ஆதரவோடு, இவரை செனட்டுக்கு அனுப்பியது. அதைக் காரணம் காட்டி ஆள் குழுவிலிருந்து நழுவிவிட்டார். பதிலுக்கு வந்த நீதிபதி பிராட்லி குடியரசுக் கட்சிப் பக்கம் நிற்க, குழுவின் 8-7 வாக்குக் கணக்கில் அக்கட்சி வேட்பாளர் ஹேய்ஸ் அதிபரானார். ஜனநாயகக் கட்சியினர் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்கள்.