பழைய அணைக்குச் சரி, புது ஓடைக்கு வேண்டாம்

10 மெகாவாட்டுக்கு உட்பட்ட சிறு நீர்மின் நிலையங்களுக்கு ஐரோப்பிய அரசுகளும் தொழில்துறையும் சேர்ந்து கைகொடுக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தண்ணீரால் ஓடிய பழைய மாவு ஆலைகளின் தடுப்பணைகளைப் பொறுத்தவரை முழுச் சம்மதம். அங்கே ஆர்க்கிமிடிஸ் திருகு (விழும் தண்ணீர் சுழற்றும், சாய்வாக வைத்த பெரிய திருகு வடிவ டர்பைன்) பொருத்துவது அருமையான வேலை. ஒன்றிரண்டு மீட்டர் வீழ்ச்சியே போதும். நிதானமாகச் சுழல்வதால் பெரும்பாலான மீன்கள் அடிபடாமல் கீழே இறங்கிவிடும். மேலே ஏறும் மீனுக்குத்தான் தனியாக ஏணி, அதாவது படிப்படியான நீர்வழி, கட்ட வேண்டும்.

ஆனால் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில், மலை ஓடைகளுக்கு நடந்ததைக் கட்டுரை தொடவே இல்லையே! அங்கே ஓடையை அப்படியே குழாய்க்குள் திருப்பி, வெகுதூரம் கீழே கொண்டுபோய் டர்பைனில் விடுகிறார்கள். இடைப்பட்ட படுகையில் கோடையில் வெறும் கல்தான் மிஞ்சும். போஸ்னியாவின் குருஷ்சிட்சா கிராமத்துப் பெண்கள், தங்கள் ஆற்றில் சிறு நீர்மின் நிலையம் வராமல் தடுக்க, 2017 முதல் 500 நாளுக்கும் மேலாக இரவு பகலாகப் பாலத்தை மறித்து உட்கார்ந்தார்கள். அதற்கு அப்புறம்தான் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது.

ஆற்றில் கட்டாயம் விட வேண்டிய தண்ணீரின் அளவை மானிய ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அதை அளக்க ஒரு மானி வையுங்கள். அந்த அளவு கரையோர மக்களுக்கும் அன்றாடம் தெரிய வேண்டும்.