ராஜா இல்லாத ஊருக்கு ராஜா நியமிச்ச கதை

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியப் பத்தி யார் எழுதினாலும் 'சிதைவுகள்' நாவலோட நிறுத்திக்கறாங்க. அதுலயும் கதாநாயகன் ஒக்கோங்வோ தூக்கு மாட்டிக்கறத சொல்லி, பாதிரி வந்தான், துரை வந்தான், அழகா இருந்த ஒரு உலகம் அழிஞ்சுதுன்னு ஒரே மூச்சுல முடிச்சிடறாங்க. என்.கே.மகாலிங்கம் தமிழுக்குக் கொண்டு வந்ததால நம்மள்ல நிறையப் பேர் படிச்ச நாவல் அது, 1958ல வந்தது, எனக்கும் ரொம்பப் பிடிச்சதுதான். ஆனா கிழக்கு நைஜீரியாவுல இருக்கற அவரோட இக்போ சமூகத்த பிரிட்டிஷ் காலனி ஆட்சி எப்படி உடைச்சுதுன்னு தெரிஞ்சுக்கணும்னா 1964ல அவர் எழுதின 'ஆரோ ஆஃப் காட்' நாவலத்தான் முதல்ல கையில எடுக்கச் சொல்லுவேன். தன்னோட நாவல்கள்ல தானே மறுபடி எடுத்துப் படிக்கறதுன்னா அது இதுவாத்தான் இருக்கும்னு அச்சிபியே சொல்லியிருக்கார்.

முதல்ல ஒரு விஷயம். ஒனிட்சா, ந்ரி மாதிரி சில இடங்கள விட்டா இக்போ ஊர்கள்ல பெரும்பாலும் ராஜா கிடையாது. ஊர்க்கூட்டம், பட்டம் வாங்கின பெரியவங்க, ஒரே வயசுக்காரங்க சேர்ந்த குழு, முகமூடி போட்டு முன்னோர் ஆவியா வந்து வழக்குத் தீர்க்கறவங்க, அந்த வம்சத்துல பொறந்த பொண்ணுங்களோட சங்கம், இப்படி அதிகாரம் பத்து இடத்துல பிரிஞ்சு கிடந்துச்சு. நைஜீரியாவோட வடக்குப் பக்கம் எமிர்கள்னு முஸ்லிம் ராஜாக்கள் இருந்தாங்க, அவங்கள வச்சு ஆளுறது பிரிட்டிஷ் கவர்னர் லுகார்டுக்கு சுலபமா இருந்துச்சு, கிழக்குல அப்படி யாரும் இல்ல. இல்லன்னா என்ன, நாமளே செஞ்சுக்கலாம்னு ஊருக்கு ஒருத்தனப் பிடிச்சு கையில ஒரு பேப்பரக் குடுத்து 'வாரன்ட் சீஃப்' ஆக்கினாங்க. அவன் கோர்ட்ல உக்காருவான், ரோடு போட ஆள் பிடிச்சு அனுப்புவான், கப்பம் வாங்குவான், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியதே இல்ல.

நாவல்ல எசேயுலுன்னு ஒரு தலைமைப் பூசாரி. ஆறு ஊர் சேர்ந்த உமுவாரோவோட தெய்வம் உலு, அதுக்குப் பூசாரி. பக்கத்து ஊரோட நிலத்தகராறு வந்தப்போ சொந்த ஊருக்கு எதிரா உண்மையச் சொன்னவர். வின்டர்பாட்டம்ங்கற வெள்ளைக்கார அதிகாரி அதனாலயே இவர நல்ல மனுஷன்னு முடிவு பண்ணி, இவரையே சீஃப் ஆக்கிடலாம்னு ஆள் அனுப்பறார். ஊர்ல ஏற்கனவே இவர் வெள்ளைக்காரனோட சிநேகிதன்னு பேச்சு, தன் பையன் ஒடுச்சேவ வேற மிஷன் ஸ்கூலுக்கு அனுப்பி வச்சிருக்கார், அங்க என்ன நடக்குதுன்னு பாக்க எனக்கு ஒரு கண்ணு வேணும்னு. அப்படிப்பட்டவர் போய் நின்னு, உலுவுக்குத் தவிர வேற யாருக்கும் நான் சீஃபா இருக்க மாட்டேன்னு சொல்லிடறார். மறுத்ததுக்கு ஜெயில்.

இதுக்கப்புறம் வர்ற பகுதிய நான் பலதடவ படிச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் வயித்தக் கலக்கும். அமாவாசை கழிஞ்சு பிறை தெரியறப்பல்லாம் பூசாரி ஒரு யாம் கிழங்க சாப்பிடணும், கடைசிக் கிழங்கு முடிஞ்சாத்தான் அறுவடைத் திருவிழாவ அறிவிக்க முடியும். ஊரோட காலண்டரே அவர் கையிலதான். ஜெயில்ல இருந்ததால ரெண்டு பிறை தவறிப் போச்சு. திரும்பி வந்தவர் கணக்குப்படிதான் சாப்பிடுவேன், ரெண்டு மாசம் பொறுங்கங்கறார். கிழங்கு மண்ணுக்குள்ளயே கெட்டுப்போகுது, ஜனங்க பட்டினி. பெரியவங்க வந்து கெஞ்சறாங்க, மிச்சக் கிழங்க இப்பவே சாப்பிடுங்க, பாவம் எங்க தலையில வரட்டும்னு. மாட்டேங்கறார். இது தெய்வத்தோட பிடிவாதமா, கைவிட்ட ஊர் மேல அவருக்கு இருந்த கோவமான்னு அவருக்கே பிரிச்சுப் பாக்க முடியல. அந்த இடுக்குல சர்ச் உள்ள நுழையுது. எங்க சாமிக்கு ஒரு கிழங்கு கொண்டு வந்து குடு, அப்புறம் தைரியமா அறுவடை பண்ணு, உலுவால உன்ன ஒண்ணும் செய்ய முடியாதுன்னு. ஜனங்க பிள்ளைங்க கையில கிழங்கக் குடுத்து அனுப்பறாங்க. ஒரு துப்பாக்கி வெடிக்கல, பைபிள்ல இருந்து பெரிய வாதம் எதுவும் வைக்கல, பசிச்ச ஜனம் ஒரு வழியப் பாத்துக்கிச்சு. தெய்வம் தோத்துப் போச்சு.

அதிகாரிக்கு கடைசி வரைக்கும் தான் எதை உடைச்சோம்னே தெரியல. ஒரு பூசாரிய ரெண்டு பிறை தவறற அளவுக்கு ஊர விட்டு எடுத்தா ஒரு சமூகத்தோட நாட்கணக்கே நின்னு போகும்னு அவருக்கு எப்படித் தெரியும், தெரிஞ்சுக்கணும்னு தோணவே இல்லயே. அந்த மாதிரி ஆட்சியோட கொடுமைய இவ்வளவு துல்லியமா வேற யாரும் எழுதி நான் படிச்சதில்ல.

சிதைவுகள்லயும் இது இருக்கு, நாமதான் கவனிக்கறதில்ல. ஒக்கோங்வோவையும் கூட அஞ்சு பேரையும் பிடிச்சு வச்சுட்டு அதிகாரி விதிக்கற அபராதம் 200 மூட்டை சோழி, அங்க அதான் காசு. ஊர்ல போய் கோர்ட் சேவகர்கள் சொல்றது 250. அந்த 50 மூட்டையிலதான் புது ஆட்சியோட முழு லட்சணமும் இருக்கு.

அழகான உலகம் அழிஞ்சுதுன்னு பேசறதுலயும் எனக்கு சம்மதம் இல்ல. சர்ச்சுக்கு முதல்ல போனவங்க யாரு? பெத்த இரட்டைக் குழந்தைங்கள காட்டுல வீசக் குடுத்த தாய், ஒசுன்னு ஒதுக்கி வச்ச ஜனங்க. ஒசுன்னா தெய்வத்துக்கு நேர்ந்து விட்டவங்க, அவங்க கூட கல்யாணம் கிடையாது, முடி வெட்டக்கூடாது. அவங்களுக்கு சர்ச் ஒரு வாசல் திறந்துச்சு, போனாங்க, அதுல யாரக் குத்தம் சொல்றது? ஆனா 1960ல வந்த 'நோ லாங்கர் அட் ஈஸ்' நாவலப் பாருங்க. ஒக்கோங்வோவோட பேரன் ஓபி, லண்டன் போய் படிச்சவன், கிளாராங்கற ஒசு பொண்ண கட்டிக்க ஆசைப்படறான். வேண்டாம்னு குறுக்க நிக்கறது யாருன்னா, அப்பனோட மதத்த உதறிட்டு சர்ச்சுக்கு ஓடிப்போன ஒக்கோங்வோவோட பையன் நோயே, இப்ப ஐசக்கா ஆயிட்ட ஓபியோட அப்பா. கிழக்கு மாகாண சட்டமன்றம் ஒசு முறைய 1956லயே சட்டம் போட்டு ஒழிச்சாச்சு. சட்டமும் மாறுச்சு, மதமும் மாறுச்சு, கல்யாணம்னு வந்தா மட்டும் எதுவும் மாறல. சாதிய வச்சுக்கிட்டு ஞானஸ்நானம் வாங்கின ஊர்க்காரங்க நமக்கு இதுல புரியாததுக்கு ஒண்ணும் இல்ல.

அச்சிபிகிட்ட எனக்கு ஒரு குறை உண்டு, பொம்பளைங்க. இந்த நாவல்கள்ல அவங்க சமைக்கறாங்க, கதை சொல்றாங்க, அழறாங்க, ஊர் விவகாரத்துல எங்கயும் காணோம். நிஜத்துல 1929ல ஒலோகோங்கற ஊர்ல வரிக்குன்னு ஆள் கணக்கெடுக்க வந்தவன்கிட்ட ந்வான்யேருவாங்கற ஒரு விதவை, உன் அம்மாவ எண்ணியாச்சான்னு கேட்டதுல ஆரம்பிச்ச சண்டை ஆபா நகரம் வரைக்கும் பரவி, ஆயிரக்கணக்கான பொண்ணுங்க வாரன்ட் சீஃப்களோட தொப்பியப் பிடுங்கி, கோர்ட்டுகள இடிச்சாங்க. போலீஸும் ராணுவமும் சுட்டதுல 50 பேருக்கு மேல செத்தாங்க. இதை டி.ஒபின்காரம் எச்செவா 1992ல 'ஐ சா த ஸ்கை கேட்ச் ஃபயர்' நாவல்ல எழுதினார், அமெரிக்காவுக்குக் கிளம்பற பேரனுக்குப் பாட்டி சொல்ற கதையா. நைஜீரியப் பெண் எழுத்தாளர் புச்சி எமசெட்டாவோட 'த ஸ்லேவ் கேர்ள்' நாவல் இன்னும் சங்கடமான இடத்தத் தொடும். அடிமை முறைய ஒழிக்கறோம்னு சொல்லிக்கிட்டு வந்த ஆட்சியிலேயே, 1918 விஷக்காய்ச்சல்ல அப்பா அம்மாவ இழந்த பொண்ண அண்ணனே கொண்டு போய் விக்கறான், தன் வயசுப் பசங்களோட ஆட்டத்துக்கு அலங்காரச் செலவுக்கு.

எசேயுலு வேண்டாம்னு உதறின பதவிய வாங்கிக்கிட்டவங்க மேலதான் அந்தப் பொண்ணுங்க பாஞ்சாங்க. அதுக்கப்புறம்தான் பிரிட்டிஷ்காரங்க வாரன்ட் சீஃப் முறையக் கைவிட்டு, ஊர் ஊரா அதிகாரிகள அனுப்பி, இந்த ஜனங்க தங்களத் தாங்களே எப்படி ஆண்டுக்கிட்டாங்கன்னு விசாரிச்சு அறிக்கை எழுத ஆரம்பிச்சாங்க. வந்த அன்னைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.