‘தேர்ச்சி’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி

“இதெல்லாம் போன செமஸ்டரிலேயே படிச்சிருப்பீங்க.” மேல்நிலைப் பாடத்தின் முதல் வகுப்பில் இப்படிச் சொல்லிவிட்டு அடிப்படையைத் தாண்டிப் போவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. படித்ததற்கு என்ன சாட்சி? மதிப்பெண் பட்டியலில் ‘தேர்ச்சி’ என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

100க்கு 50 எடுத்தால் தேர்ச்சி என்றால், முன்தேவைப் பாடத்தில், அதாவது அடுத்ததற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய பாடத்தில், பாதியைத் தொடாமலே தாண்டிவிடலாம். விட்டுப்போவது பெரும்பாலும் கடைசி யூனிட். நேரமில்லாமல் அவசர அவசரமாக ஓட்டிய பகுதி. அடுத்த பாடம் தொடங்குவதே அங்கிருந்துதான்!

சி மொழிப் பாடத்தில் பாயிண்டர் (நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் மாறி) கடைசிப் பக்கம்தான் வரும். அடுத்து வரும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் ஆரம்பத்திலேயே லிங்க்டு லிஸ்ட்: ஒவ்வொரு கண்ணியும் (நோட்) ‘நெக்ஸ்ட்’ என்ற பாயிண்டரால் அடுத்த கண்ணியைச் சுட்டும் சங்கிலி. லிஸ்டின் தலையில் புது நோடைச் சேர்க்க இரண்டே வரி: முதலில் புது நோடின் ‘நெக்ஸ்ட்’ பழைய தலையைக் காட்ட வேண்டும், பிறகு லிஸ்டின் தொடக்கத்தைச் சுட்டும் ‘ஹெட்’ புது நோடைக் காட்ட வேண்டும். வரிசை மாறினால் புது நோட் தன்னையே சுட்டிக்கொண்டு நிற்கும், பழைய லிஸ்ட் மொத்தமும் கைவிட்டுப் போகும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாயே திறக்காது. பாயிண்டரில் இருப்பது ஒரு முகவரி என்று புரிந்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை. புரியாதவர் இரண்டு வரியையும் மனப்பாடம் செய்கிறார். இரு பக்கமும் இணைக்கிற டபுள்லி லிங்க்டு லிஸ்ட் வந்ததும் அந்த மனப்பாடம் சரிந்துவிடுகிறது.

லீனியர் அல்ஜீப்ராவிலும் இதே கதை. முதல் வரிசையில் 2, 1, அடுத்ததில் 1, 2 உள்ள மேட்ரிக்ஸுக்கு ஐகன் மதிப்பு 3, 1 என்று கணக்குப் போட்டு மார்க் வாங்கிவிடுகிறார்கள். அந்த 3 என்ன சொல்கிறது? இரண்டு கூறும் சமமான வெக்டரை அந்த மேட்ரிக்ஸ் திசை மாற்றாமல் மூன்று மடங்கு நீட்டுகிறது. தேர்வில் இதை யாரும் கேட்பதில்லை. மெஷின் லேர்னிங்கிலோ, கன்ட்ரோல் சிஸ்டத்திலோ தேவைப்படுவது இந்தப் புரிதல்தான்.

போதாக்குறைக்கு இடைவெளி வேறு. படித்தது ஆரம்ப நாட்களிலேயே வேகமாக மறந்துபோகிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885லேயே தன்னையே சோதித்து எழுதிவிட்டார். நாம் இரண்டு செமஸ்டர் தள்ளி வைத்துவிட்டு, நேற்று நடத்தியதைப் போல எதிர்பார்க்கிறோம்.

என்ன செய்யலாம் என்பது ஒன்றும் ரகசியமில்லை. ‘கணிதம் 2 முடித்திருக்க வேண்டும்’ என்று மொட்டையாகப் போடாமல், பகுதிப் பின்னமாகப் பிரிக்கத் தெரிய வேண்டும், ரிகர்ஷனை (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பதை) கையால் தடம்பிடித்து எழுதத் தெரிய வேண்டும் என்று தேவையான திறனைப் பெயர் சொல்லி எழுதுங்கள். முதல் வாரத்தில் ஐந்து கணக்கு, 20 நிமிடம், மார்க் கிடையாது. அன்றே திருத்தி, பலர் தவறிய இடத்தை அடுத்த வகுப்பில் மறுபடி நடத்துங்கள். இந்த ஒரு வகுப்பு நேரத்தைக்கூடக் கொடுக்காமல், கடைசியில் கொத்துக் கொத்தாகத் தோற்ற பிறகு ‘பிள்ளைகளுக்கு அடிப்படையே இல்லை’ என்று கைகழுவுவது எந்த ஊர் நியாயம்?