தடை இப்போது நேரமும் காசும்தான்

வெளிநாட்டில் படித்த வைத்தியர்களும் தாதியரும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வேறு வேலை பார்ப்பதற்குத் தொழில் உரிம விதிகளே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முழுக்க அப்படியில்லை. கனடிய அனுபவம் மட்டும்தான் செல்லும் என்று உரிமம் வழங்கும் சுகாதாரத் தொழில் ஒழுங்காற்றுச் சபைகள் கேட்கக்கூடாது என்ற விதி 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. குடும்ப வைத்தியர்களை 12 வாரம் வேலையிடத்திலேயே வைத்துத் திறமையை மதிப்பிடும் முறையும் அப்புறம் வந்தது.

சரி, பிறகும் உரிமம் எடுப்பது ஏன் இழுபடுகிறது? என் மச்சாள் யாழ்ப்பாணத்தில் தாதியாக இருந்தவர். இங்கே ஸ்காபரோவில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு உதவியாளர், இரவு வேலை. முதியவர் ஒருவரின் இடுப்பில் தோல் சிவந்திருந்தாலே படுக்கைப்புண் வரப்போகிறதென்று அவருக்குத் தெரியும். ஆனால் பொறுப்புத் தாதியைக் கூப்பிட்டுக் காட்டத்தான் அனுமதி. விடிய வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுக் குசினி மேசையில் தாதி உரிமப் பரீட்சைக்குப் புத்தகத்தை விரித்தால் கண் சொருகிவிடுகிறது. சம்பளத்தை விட்டுவிட்டுப் படிக்கவும் வழியில்லை, வீட்டு வாடகை இருக்கிறதே!

இப்படிப்பட்டவர்களுக்குப் பரீட்சைக் கட்டணத்தை வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள். படிக்கும் சில மாதங்களுக்கு வேலைநேரத்தைக் குறைத்து, அந்தச் சம்பள இழப்பை மாகாண அரசு ஈடுசெய்யட்டும். அவர்கள் வேலை செய்யும் இல்லங்களிலேயே மேற்பார்வையோடு தாதிப் பயிற்சிக்கு இடம் கொடுத்தால் இன்னும் நல்லது.