பேஸ்காரனின் கையைப் பாருங்கள்

இருபது வருசத்துக்கு மேலாகக் கோயில் திருவிழா மேடைகளில் பேஸ் கிற்றார், அதுதான் அடிச்சுரம் கொடுக்கிற நாலு கம்பிக் கிற்றார், வாசித்திருக்கிறேன். மானிப்பாய், கோண்டாவில், சுன்னாகம், பருத்தித்துறை என்று ஏறாத மேடை குறைவு. அந்தக் கச்சேரிகளில் பாதியையாவது வீடியோ எடுத்திருப்பார்கள். அவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் என் முகம் ஒரு நாலு நிமிசம் தேறும். விரல்கள் ஒரு செக்கன் கூட இல்லை. கமரா பாடகரைக் காட்டும், கீபோர்ட்காரரைக் காட்டும், ட்ரம்ஸ் பெடியன் குச்சியைச் சுழற்றினால் ஓடிப்போய் அவனைக் காட்டும், பிறகு முன்வரிசையில் பொன்னாடையோடு இருக்கிற உபயகாரரைக் காட்டும். பேஸ்காரன் ஜெனரேற்றர் பக்கத்தில், அரை இருட்டில்.

இந்த மனக்குறை இருந்ததால்தானோ என்னவோ, ரஷ் என்ற கனடாக் குழுவின் கச்சேரி வீடியோக்களுக்குள் விழுந்து இன்னும் எழும்பவில்லை. அந்தக் குழுவில் மூன்று பேர்தான். பேஸ் வாசிக்கிற கெடி லீதான் பாடகர். கீபோர்ட்டும் அவர்தான். காலடியில் கிடக்கிற பெடல்களை மிதித்து அடிச்சுருதி கொடுப்பதும் அவர்தான். பாடகரை எடுக்க வந்த கமராவுக்கு பேஸைத் தவிர்க்க வழியே இல்லை! உலகத்தில் எத்தனையோ குழுக்களின் கச்சேரிகள் வீடியோவாக இருக்கின்றன. ஒரு பேஸ்காரனின் கையை ஏறக்குறைய முப்பத்தைந்து வருசத்துக்குப் பார்க்க முடிகிற வீடியோக்கள் மிகக் குறைவு.

அது என் கைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு வெளிநாட்டுச் சொந்தங்கள் ஒவ்வொருவராக வந்து போன காலம். 2004 நல்லூர்த் திருவிழாவுக்கு ஸ்காபரோவில் இருந்து மச்சான் வந்தான். வீட்டில் எல்லோருக்கும் சொக்கிலேற்றும் கோடாலித் தைலமும். எனக்கு மட்டும் ஒரு டிவிடி. பிரேசிலில், ரியோவின் மரக்கானா மைதானத்தில் 2002 நவம்பர் 23 அன்று நடந்த கச்சேரி. நாற்பதாயிரம் சனம். அதில் ஓர் இடத்தில் சொல்லே இல்லாத, வெறும் வாத்திய இசை ஒன்று வரும். சொல் இல்லாவிட்டால் என்ன, அந்தச் சனம் மெட்டையே பாடிக்கொண்டு துள்ளியது. நான் வாயைத் திறந்தபடி இருந்தேன்.

அந்த உருப்படியின் பெயர் வை வை ஸெட். என்ன பெயரடா இது என்று கேட்டேன். மச்சான் மூலையில் கிடந்த சூட்கேசைக் காட்டினான். எங்கேயோ போய்த் திரும்பியபோது விமான நிலையத்தில் கைப்பிடியில் ஒட்டிய துண்டு, கிழிக்காமல் விட்டிருந்தான். அதில் பெரிதாக அந்த மூன்று எழுத்துகள். ரொறன்ரோ விமான நிலையத்தின் குறியீடு. யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் அலுமாரிக்கு மேலே அந்த எழுத்துகள் தூசி பிடித்துக் கிடக்கின்றன! அதைத் தாளமாக்கி ஒரு குழு வாசிக்கிறது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாது.

தாளமாக்கினார்கள் என்றால் சும்மா இல்லை. அந்த விமான நிலையத்தின் ரேடியோ வழிகாட்டி மூன்று எழுத்தையும் மோர்ஸ் குறியில் அனுப்பிக்கொண்டே இருக்கும். நீளம், குட்டை, நீளம், நீளம். மறுபடி அதே. பிறகு நீளம், நீளம், குட்டை, குட்டை. நீளத்துக்கு இரண்டு, குட்டைக்கு ஒன்று என்று எண்ணினால் ஏழு, ஏழு, ஆறு. மொத்தம் இருபது. இதை இணுவிலில் தவில் வாசிக்கிற ஓர் அண்ணைக்கு மேசையில் தட்டிக் காட்டினேன். ஒரு தரம்தான் கேட்டார். "தகிட தகதிமி, தகிட தகதிமி, தகதிமி தக. கண்டத்திலை நாலு ஆவர்த்தனம். இதிலை என்ன அதிசயம்?" என்றார். கண்டம் என்றால் ஐந்து எண்ணிக்கை, நாலு ஐந்து இருபது. எனக்கு அன்றைக்குத்தான் அந்த இசை முழுதாக விளங்கியது.

சரி, வாத்தியத்துக்கு வருகிறேன். கெடி லீ அடிக்கடி பேஸை மாற்றுகிறவர் என்று ஒரு பேச்சு உண்டு. ஒன்றில் நில்லாதவர், புதுசைக் கண்டால் ஓடுகிறவர் என்கிற தொனியில் சொல்வார்கள். எங்கள் குழுவில் இருந்த மூத்தவர் ஒருவரும் அப்படித்தான் கதைப்பார். "வாத்தியத்தை மாத்தினா விரல் மாறுமே?" விரல் மாறாது என்பது சரி. ஆனால் அந்த வீடியோக்களை வருச ஒழுங்கில் வைத்துப் பார்த்த எனக்கு வேறொன்று தெரிந்தது. அந்த மனிசர் பேஸை மாற்றிய ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னமே குழுவின் சத்தம் மாறியிருக்கிறது. இடம் மாறியதால் ஆள் வேறு கதிரையில் போய் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

1981 மார்ச்சில் மொன்றியலில் எடுத்ததைப் பாருங்கள். மேடை இருட்டு, படம் கொஞ்சம் கலங்கல். கையில் கறுப்பு றிக்கன்பேக்கர் 4001. அதன் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஓட்டுத்துண்டால் சிமெந்துத் தரையில் கீறியது போல ஒரு கரகரப்பு, அடியில் நல்ல கனம். மூன்று பேர் மட்டும் உள்ள குழுவில் கிற்றார்காரர் அலெக்ஸ் லைஃப்சன் தனி வாசிக்கப் போனால் பின்னால் பெரிய பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை மூடுவது இந்தக் கரகரப்புத்தான். ஒரு நீளப் பாட்டுக்கு இரண்டு கழுத்துள்ள றிக்கன்பேக்கரையும் மாட்டிக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்தாலே எனக்குத் தோள் நோகும்.

அடுத்தது 1984, அவர்களுடைய சொந்த ஊரான ரொறன்ரோவில், மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில். கையில் இருப்பது தலையே இல்லாத பேஸ். ஸ்ரைன்பேர்கர் என்று பெயர். கார்பன் நாரையும் பிசினையும் சேர்த்து வார்த்தது, உடம்பு ஒரு சின்னப் பெட்டி அளவு, சுருதி முடுக்குகிற கீ எல்லாம் அடிப்பக்கம். முதலில் பார்த்தபோது முறிந்துபோன வாத்தியமோ என்றுதான் நினைத்தேன். ஆனால் மேடையைக் கவனியுங்கள். அவரைச் சுற்றி கீபோர்ட் அடுக்கு. ஒரு கை அதில், ஒரு கை இதில், கால் பெடலில், வாய் மைக்கில். நீளக் கழுத்தும் பெரிய தலையும் உள்ள பேஸோடு அந்த இடுக்கில் திரும்பினால் எதையாவது இடித்து விழுத்த வேண்டியதுதான். சத்தமும் மெலிந்து, ஒழுங்காக, இறுக்கமாக இருக்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. ஆனால் அந்தப் பாட்டுகளுக்கு அது பொருந்துகிறது, என்ன செய்ய.

என் மனசுக்கு நெருக்கமானது 1988 இல் இங்கிலாந்தில், பேர்மிங்ஹாமில் எடுத்தது. அப்போது கையில் வால். இங்கிலாந்தில் கையால் செய்கிற பேஸ் அது, 1985 இல் வந்த இசைத்தட்டில் இருந்து அதைத்தான் வாசித்தார். ரசிகர்கள் பலர் றிக்கன்பேக்கர் காலத்தைத்தான் பொற்காலம் என்பார்கள். நான் சம்மதிக்க மாட்டேன். கீபோர்ட் மேலேயும் கீழேயும் எல்லா இடத்தையும் நிரப்பிவிட்ட காலம் அது. அந்த நெரிசலில் பேஸ் கேட்க வேண்டும் என்றால் கத்தவும் கூடாது, உறுமவும் கூடாது, நடுவில் நின்று எழுத்துப் பிசகாமல் கதைக்க வேண்டும். வால் அதைச் செய்கிறது. ஒவ்வொரு சுரமும் தனியாக, ஈரம் காயாமல் வந்து விழும். நல்ல காதுள்ள ஒருவன் சனக்கூட்டத்துக்குள் ஒரு குரலைப் பிரித்து எடுப்பது போல, இயர்போனில் ஒருக்கா கேட்டுப் பாருங்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1989 இல் அந்த வீடியோ வெளிவந்தது. அடுத்த கச்சேரி வீடியோ 2003 இல், மச்சான் கொண்டுவந்த அந்த ரியோ. இடையில் பதினாலு வருசம். கெடி லீயின் ஆகப் பெரிய மாற்றம் அந்த இடைவெளியில், கமராவே இல்லாத நேரத்தில் நடந்துவிட்டது. 1970களில் மிச்சிகனில் கலமசூ என்ற ஊரின் அடகுக்கடையில் இருநூறு டொலருக்கு வாங்கிய 1972 ஃபெண்டர் ஜாஸ் பேஸ். அதை இடையிடையே வாசித்துக்கொண்டுதான் இருந்தார். 1993 இல் கீபோர்ட்டைக் குறைத்து, கிற்றாரை முன்னுக்குக் கொண்டுவந்தபோது வாலை வைத்துவிட்டு இதைக் கையில் எடுத்தார். பிறகு வருசக்கணக்காக அதுதான் அவருடைய முக்கிய பேஸ். 1998 இல் ஃபெண்டர் நிறுவனமே அவருடைய பெயரில் அதை ஒத்த பேஸ் ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கியது. அடகுக்கடைச் சாமான்!

எங்கள் நாதசுரத்தில் இது நடக்காததா? ஊரெங்கும் திமிரி என்ற குட்டை நாதசுரம் முழங்கிய காலத்தில் திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளை பாரி என்ற நீளமான நாதசுரத்தை எடுத்தார். சுருதி இறங்கியது, நாதம் கனத்தது, ஆலாபனைக்கு ஆறுதல் வந்தது. அவரை நில்லாதவர் என்று எவரும் சொல்லவில்லை. பேஸ்காரன் செய்தால் மட்டும் குற்றம்.

இனி என் கதை. 2010 வாக்கில் ஆசைப்பட்டு ஐந்து கம்பி பேஸ் ஒன்று வாங்கினேன். உள்ளே ஒன்பது வோல்ற் பற்றரி போட்டு வேலை செய்கிற வகை. பழையதை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். மூன்றாவது கச்சேரி, ஒரு அம்மன் கோயில் பூங்காவனம். பாட்டின் நடுவில் சத்தம் முதலில் இருமியது, பிறகு கரகரத்தது, பிறகு இல்லை. வயரைக் குடைந்தேன், பெட்டியைத் தட்டினேன். பற்றரி செத்துவிட்டது. 90களில் பற்றரிக்குத் தடை இருந்த ஊரில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். பற்றரி எல்லாம் கடையில் தாராளமாகக் கிடைக்கிற காலத்தில், ஒன்று வாங்கிப் பையில் போட மறந்து மேடையில் நின்றேன். பாதிக்கு மேல் சும்மா விரலை ஆட்டிக்கொண்டு நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. அதுதான் ஆக நொந்தது.

பற்றரியை விட்டாலும் அந்த பேஸ் எங்கள் குழுவுக்குத் தேவையே இல்லை. கீபோர்ட்காரர் இடது கையால் அடிச்சுரம் முழுக்கப் பிடித்து வைத்திருப்பார். அதற்குக் கீழேயும் ஒரு கம்பியோடு போய் நான் என்ன செய்ய? சேற்றில் இன்னும் தண்ணீர் ஊற்றியதுதான். குழுவைக் கேட்டு வாங்கவில்லை, கடைக் கண்ணாடியைப் பார்த்து வாங்கினேன். கெடி லீ மாற்றியதற்கும் நான் மாற்றியதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். பழைய நாலு கம்பிக்குத் திரும்பிவிட்டேன்.

ரியோ வீடியோவில் இன்னொன்றும் இருக்கிறது, எங்கள் சவுண்ட்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. கெடி லீக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் உடுப்புக் காயவைக்கிற மெசின்கள் மூன்று ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே ரீசேட்டுகள் சுழலும். பேஸின் சத்தத்தை நேராக மிக்சருக்கே அனுப்பிவிட்டதால் பின்னால் பெட்டி தேவைப்படவில்லை, வெற்றிடம் வெறிச்சென்று இருக்கக்கூடாது என்று இந்தப் பகிடி. 2007 சுற்றில் அந்த இடத்தில் கோழி பொரிக்கிற அடுப்புகள் நின்றன. இங்கே பெட்டியை எத்தனை அடுக்கு ஏற்றினார்கள் என்று எண்ணித்தான் கச்சேரிக்கு மதிப்புப் போடுகிறோம். அத்தனை அடுக்குக்குள்ளும் பேஸ் எங்கே என்று கேட்டால் ஆளையாள் பார்ப்பார்கள்.

கடைசியாக 2015, நாற்பதாவது ஆண்டுச் சுற்று, மறுபடி ரொறன்ரோவில் எடுத்தது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட பழைய பேஸ்களை மாற்றி மாற்றி வாசிக்கிறார். உண்மையைச் சொன்னால் முதலில் எரிச்சல் வந்தது. அவர் அப்போது பழைய பேஸ்களைச் சேர்க்கிற பைத்தியத்தில் இருந்தார், 2018 இல் அதைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். பாட்டுக்கு ஒன்று என்று மாற்றினால் காதுக்கு ஒன்றும் எட்டாது, கண்காட்சி பார்த்த மாதிரித்தான். எந்த பேஸை எடுத்தாலும் அதே கெடி லீ. என்னுடைய மூத்தவர் சொன்ன விரல் கதை அங்கே அப்படியே பலித்தது.

ஆனால் அந்தக் கச்சேரி பின்னோக்கி நடக்கிறது. புதிய பாட்டில் தொடங்கி 1974 வரைக்கும் இறங்குகிறார்கள். சிவப்பு அங்கி போட்ட ஆட்கள் வந்து மேடைச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். முடிவில் கதிரைக்கு மேல் வைத்த ஸ்பீக்கர் பெட்டியும் பள்ளிக்கூட மண்டபம் போல ஒரு பின்னணியும்தான் மிச்சம். மூன்று கிழவர்கள், பள்ளிப் பெடியன்கள் நின்ற இடத்தில். ட்ரம்ஸ் வாசித்த நீல் பியர்ட் 2020 ஜனவரி 7 இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பகுதியை நான் முழுதாகப் பார்க்கவில்லை.

2025 ஒக்டோபரில் கெடி லீயும் லைஃப்சனும் அடுத்த வருசம் மறுபடி மேடை ஏறப் போவதாக அறிவித்தார்கள், ட்ரம்ஸுக்கு ஜேர்மனியில் இருந்து அனிகா நிலெஸ் என்ற பெண். செய்தி வந்த அன்றிரவே மச்சான் போன் எடுத்தான். ரொறன்ரோ கச்சேரிக்கு எப்படியும் போகப் போகிறானாம். ரிக்கற் விலையைச் சொல்லித் தலையில் கைவைத்தான். உனக்கு என்னடா கொண்டுவர, ரீசேட்டோ என்று கேட்டான்.

ரீசேட் வேண்டாம், முதலாவது பாட்டுக்கு என்ன பேஸோடு வாறார் எண்டு வடிவாப் பாத்து எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு என்றேன். முகம் வேண்டாம், கை விழுந்தால் போதும்.