பாறைக்குள் இருக்கும் காஸ் எல்லாம் காஸ் அல்ல

ஷேல் என்ற இறுகிய களிமண் பாறையைத் தண்ணீர் அழுத்தத்தால் பிளந்து காஸ் எடுக்கும் கிணறு முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் உற்பத்தியை இழப்பது சகஜம். அதைச் சுட்டிக்காட்டினால் ஒரு பதில் தயாராக இருக்கும்: 'பாறையில் ஒட்டியிருக்கும் காஸ் மெதுவாகக் கழன்று வரும், கிணறு முப்பது வருடம் ஓடும்.' இந்தப் பதிலை நான் நம்புவதில்லை. முழுப் பொய் இல்லை. ஆனால் முதலீட்டாளரைச் சமாதானப்படுத்தச் சொல்வது.

ஷேலில் மீத்தேன் முக்கியமாக இரண்டு விதமாக இருக்கிறது. நுண்துளைகளிலும் விரிசல்களிலும் அழுத்தத்தோடு அடைந்திருப்பது ஒன்று. கெரோஜன் என்ற கரிமப் பொருளின் பரப்பில் ஒட்டியிருப்பது இன்னொன்று. பிளஸ் டூ வேதியியலில் 'பரப்பு கவர்தல்' என்று படித்தோமே, அதுதான். முதலாவது கையில் இருக்கும் ரொக்கம், இரண்டாவது ஊரில் நிற்கும் பாக்கி.

பாக்கி எப்போது வசூலாகும்? எந்த அழுத்தத்தில் எவ்வளவு காஸ் பரப்பில் ஒட்டியிருக்கும் என்று சொல்லும் லாங்மியூரின் 1918 சமன்பாடு இங்கேதான் வருகிறது. தொடக்க அழுத்தம் 4000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), லாங்மியூர் அழுத்தம் (ஒட்டும் பரப்பு பாதி நிரம்பும் அழுத்தம்) 600 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அழுத்தம் பாதியாகி 2000-க்கு வரும்போது துளைகளில் இருந்த காஸில் ஏறக்குறைய பாதி வெளியேறியிருக்கும். ஒட்டிய காஸில் கழன்றது? 12 சதவீதம்கூட இல்லை. 500-க்கு இறக்கினாலும் பாதிதான் கழலும். அதுவும் அந்த அழுத்தக் குறைவு பாறைக்குள் போய்ச் சேர்ந்தால்! ஷேலின் ஊடுருவுதிறன், அதாவது காஸ் பாறை வழியே நகரும் வசதி, நானோடார்சி அளவு, மிக மிகக் குறைவு. பிளந்த விரிசலை ஒட்டிய பகுதியில் அழுத்தம் இறங்கியிருக்கும். கொஞ்சம் தள்ளி உள்ளே இருக்கும் பாறைக்குக் கிணறு தோண்டியதே இன்னும் தெரியாது.

டெக்சாஸின் பார்னெட் ஷேல் வயலையே பாருங்கள். ஜார்ஜ் மிட்செலின் கம்பெனி அங்கே முதல் கிணறு போட்டது 1981இல். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பாறை மாதிரிகளை மறுபடி அளந்தபோது, ஒட்டிய காஸைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது தெரிந்தது. இருப்பு மதிப்பீடு எகிறியது. ஆனால் உற்பத்தியைத் தூக்கியது அந்தப் புது எண் இல்லை. மலிவான தண்ணீர்ப் பிளப்பு முறையும், பின்னால் வந்த கிடைமட்டக் கிணறுகளும்தான். 2011-12 வாக்கில் உச்சத்தைத் தொட்ட பார்னெட், புதுக் கிணறுகள் குறைந்ததும் சரிந்தது. ஒட்டிய காஸ் சரிவைக் கொஞ்சம் சாய்வாக்கியதே தவிர நிறுத்தவில்லை.

மிச்சிகனின் ஆன்ட்ரிம் நேர் எதிர். ஆழம் குறைவு, அழுத்தமும் குறைவு, காஸில் பெரும்பங்கு ஒட்டியது. முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும். அதன் பிறகே உற்பத்தி ஏறும், அப்புறம் நிதானமாக இறங்கும். லூசியானா பக்கத்து ஹேய்ன்ஸ்வில்லோ ஆழமானது, அழுத்தம் மிக அதிகம். ஆரம்பத்தில் கொட்டும், உடனே விழும். ஆகவே ஒரு வயலின் சரிவுக் கோட்டை எடுத்து இன்னொன்றின் மேல் ஒட்டி முப்பது வருடம் நீட்டுவது எனக்குக் கணக்காகவே தெரியவில்லை. கடைசிக்கால காஸை எடுக்கக் கம்ப்ரசர் வைத்து அழுத்தத்தை இறக்க வேண்டும். விலை படுத்துக் கிடந்தால் அந்தச் செலவை யார் செய்வார்?

நம் ஊர் 'மீத்தேன் திட்ட' விவாதத்தில் ஷேலையும் நிலக்கரியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினோம். மன்னார்குடியில் பேசப்பட்டது நிலக்கரிப் படுகை. நிலக்கரியில் ஏறக்குறைய எல்லாமே ஒட்டிய காஸ்தான். படுகையின் தண்ணீரை இறைத்து அழுத்தத்தை இறக்காமல் அது வராது. டெல்டா விவசாயிகள் முதலில் நிலத்தடி நீரைப் பற்றிக் கேட்டது மிகச் சரியான கேள்வி.