கவுன்சிலரின் ஒபிஸில் யார் இருக்கப்போகிறார்கள்?

ரொறன்ரோ மாநகரசபைத் தேர்தல் 2026 ஒக்டோபர் 26. தேர்தல் என்றதும், நகரின் கிழக்கே எங்கள் சனம் நிறைய இருக்கிற ஸ்காபரோவின் மண்டபங்களில் கைகுலுக்கலும் படமெடுப்பும் கூடிவிடும். "எங்கட ஆள் கேக்கிறார், நீங்களும் ஒரு பதிவு போட்டுவிடுங்கோ" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வென்றால் தன் ஒபிஸில் யாரை வைத்திருக்கப்போகிறார்? இதுவரை ஒருவரும் நேரான பதில் சொன்னதில்லை. விசர்க் கேள்வி என்று நினைக்கிறார்களோ தெரியாது.

சில வருடங்கள் நான் ஒரு கவுன்சிலருக்கு உதவியாளராக இருந்தேன். எந்தத் தொகுதி, யார் என்பது இங்கே தேவையில்லை. அந்த வேலையைப் பற்றி எங்கள் சனத்திடம் இருக்கிற எண்ணம் எனக்குத் தெரியும்: கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கிற பெடியன், நிகழ்ச்சிகளில் படம் எடுத்துப் போடுகிறவன். என் அம்மாவே சொந்தக்காரரிடம் "சிற்றி ஹோலில ஏதோ கிளாக் வேலை" என்றுதான் சொல்லிவைத்திருந்தார். டொக்டர், எஞ்சினியர் வரிசையில் சேராத வேலைக்கு அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவருக்கு விருப்பமில்லை.

ஆனால் இன்றைய ரொறன்ரோவில் ஒரு குடும்பம் நகரசபையோடு வைத்துக்கொள்ளும் தொடர்பில் பெரும்பகுதி இந்த உதவியாளர்கள் வழியாகத்தான் நடக்கிறது. யாரும் தெரிவு செய்யாத ஆட்கள். இது நல்லதற்கல்ல என்பது என் கருத்து. அந்தக் கதிரையில் இருந்தவன் என்பதால்தான் சொல்கிறேன்.

இது இப்படி ஆனதற்கு 2018-ஐப் பார்க்கவேண்டும். அதுவரை 44 கவுன்சிலர்கள். சனத்தொகை கூடியதால் 47 ஆக்குவதென்று முடிவாகி, மே மாதமே வேட்புமனு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். யூலை 27, மனுத் தாக்கல் முடிகிற அதே நாளில், மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் வந்து, 25 பேர் போதும் என்று அறிவித்தார். நாலு வருடத்தில் 25 மில்லியன் டொலர் மிச்சம் என்றார். வழக்குப் போனது. கீழ் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது, மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தார்கள், ஒக்டோபரில் 25 தொகுதிகளுக்கே வாக்களித்தோம். உச்சநீதிமன்றம் 2021-ல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் மாகாணத்தின் பக்கம் நின்றது.

ஸ்காபரோவில் பத்துப் பேர் இருந்த இடத்தில் இப்போது ஆறு பேர். ஒரு தொகுதிக்குச் சராசரி ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் சனம். கவுன்சிலர் குறைந்தார், வேலை குறையவில்லை. அதனால் உதவியாளர் வைத்துக்கொள்வதற்கான ஒதுக்கீட்டைச் சபை கூட்டிக்கொடுத்தது. நீங்கள் வாக்குப் போட்ட ஆளை வெட்டி, வாக்குப் போடாத ஆளைக் கூட்டியதுதான் கடைசியில் நடந்தது. இதைச் சிக்கனம் என்று இன்றும் பாராட்டுகிறவர்கள் உண்டு, அவர்களோடு வாதாடி எனக்கு அலுத்துவிட்டது.

வேலை எப்படி இருக்கும் என்று இளம் ஆட்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். முதலாவது தொலைபேசி. குப்பை எடுக்கவில்லை, தெருவில் பள்ளம், பக்கத்து வீட்டு நாய். இதற்கெல்லாம் 311 என்றொரு இலக்கம் இருக்கிறது. 311-க்கு அடித்து அலுத்த பிறகுதான் எங்களுக்கு அடிப்பார்கள், எனவே எடுத்த எடுப்பிலேயே கோபம். அப்புறம் நகரசபைக்குச் சம்பந்தமே இல்லாதவை: ஹெல்த் கார்ட் மாகாணத்தினுடையது, பெற்றோரைக் கூப்பிடும் விசா ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசினுடையது. "அது எங்கட வேலை இல்லை" என்று சொல்லி வைத்துவிடலாம். நல்ல உதவியாளர் அப்படி வைக்கமாட்டார். எம்.பி. ஒபிஸில் யாரைப் பிடிக்கவேண்டும் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

மரம் தனிக்கதை. "தம்பி, என்ரை காணி, என்ரை மரம். வெட்டுறதுக்கு நான் ஆரைக் கேக்கோணும்?" தொலைபேசியில் இதைக் கேட்காத மாதமில்லை. ரொறன்ரோவில் தனியார் காணியில் நிற்கும் மரமானாலும், தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் அனுமதி வேண்டும். விட்டத்துக்குப் பதில் சுற்றளவை அளந்துவிட்டுப் பதறி அடிப்பவர்களும் உண்டு. சுற்றளவு என்றால் ஏறக்குறைய 94 வரும் ஐயா, உங்கள் மரம் சின்ன மரம் என்று சொன்னால் அன்றைக்கு நான்தான் அவருக்குக் கவுன்சிலர்.

இனி வருவதுதான் வெளியே யாருக்கும் தெரியாத பகுதி. மாநகரசபைக் கூட்டம் மாதத்துக்கு ஒன்று என்ற அளவில் நடக்கும், இரண்டு மூன்று நாள் இழுக்கும். நிகழ்ச்சிநிரலில் நூற்றுக்கணக்கான விடயங்கள், இணைப்புகளோடு சேர்த்தால் ஆயிரக்கணக்கான பக்கங்கள். கூட்டத் தொடக்கத்தில் உறுப்பினர்கள் தாங்கள் பேச விரும்பும் விடயங்களை 'ஹோல்ட்' பண்ணுவார்கள். யாரும் ஹோல்ட் பண்ணாதவை எல்லாம் விவாதமில்லாமல் மொத்தமாக நிறைவேறிவிடும். ஒரு தெருவின் பார்க்கிங் விதி, ஒரு காணிக் குத்தகை, ஒரு ஒப்பந்தம், எல்லாமே. எதைப் பிடித்து வைக்கவேண்டும் என்று முந்தின இரவுகளில் கண் எரிய வாசித்து, பக்க இலக்கம் போட்டு, மூன்று வரியில் குறிப்பு எழுதிக் கொடுப்பவர் உதவியாளர். அவர் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போனால் கவுன்சிலரும் தாண்டுவார், தொகுதியும் தாண்டும்.

பிரேரணை எழுதுவதும் அப்படித்தான். மேடையில் கைதட்டு வாங்குகிற பிரேரணையை யாரும் எழுதலாம். பாதுகாப்பான கடவை வேண்டும், பஸ் கூட வேண்டும் என்று எழுதி நிறைவேற்றினால் அடுத்த நாள் படம் போடலாம். எந்த அதிகாரி, எந்தக் குழுவுக்கு, எந்த மாதத்துக்குள் அறிக்கை கொண்டுவரவேண்டும், பணம் எந்தக் கணக்கிலிருந்து என்பது அதில் இல்லையென்றால் அது அலுமாரிக்குள் போய்விடும். குழுவுக்குப் போகாமல் நேரே சபையில் எடுக்க வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. ஆகவே முதல் நாளே மற்ற ஒபிஸ் உதவியாளர்களோடு பேசி எண்ணிக்கை பார்க்கவேண்டும். பாதி அரசியல் கோப்பிக் கடை வரிசையில் முடிந்துவிடும்.

எனக்கு அந்த வேலையின் கனத்தைக் காட்டியது அறை வாடகை வீடுகளின் பிரச்சினை. 1998-ல் ஆறு நகரசபைகளை ஒன்றாக்கி இன்றைய ரொறன்ரோவை உருவாக்கினார்கள், ஆனால் பழைய விதிகள் அப்படியே கிடந்தன. பழைய ரொறன்ரோவில் அனுமதிப்பத்திரம் எடுத்து அறை அறையாக வாடகைக்கு விடலாம். ஸ்காபரோவில் அது சட்டவிரோதம். சட்டவிரோதம் என்றால் இல்லை என்று அர்த்தமா? ஸ்காபரோ பல்கலைக்கழக வளாகத்தையும் சென்ரெனியல் கல்லூரியையும் சுற்றி எத்தனை வீடுகள். ஒரே நாளில் மூன்று விதமான தமிழ்க் குரல்கள் வரும். "பக்கத்து வீட்டில எத்தினை பேர் இருக்கினம் எண்டே தெரியேல்லை, ட்ரைவ்வேயை மறிச்சுக் கார் விடுகினம்" என்று ஒரு ஐயா. மோட்கேஜ் கட்ட வழியில்லாமல் பேஸ்மென்டையும் மேலறைகளையும் விட்டிருக்கிற அக்கா. நிலக்கீழ் அறையில் ஒழுங்கான ஜன்னல் இல்லை, ஆனால் முறையிட்டால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள் என்று பெயர் சொல்லாமல் பேசுகிற மாணவன்.

மூன்று பேரும் எங்கள் ஆட்கள். மூன்று பேரும் ஒரே கவுன்சிலரிடம் நியாயம் கேட்கிறார்கள். வாக்கு யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் ஐயாவிடமும் அக்காவிடமும். மாணவனிடம் இல்லை, அவன் படிக்க வந்தவன், குடியுரிமை கிடையாது. சபை 2021-ல் இதைத் தள்ளிப்போட்டது. 2022 டிசம்பரில்தான் நகரம் முழுவதும் அனுமதிப்பதென்று வாக்களித்தார்கள், 2024 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. சாதாரண குடியிருப்புப் பகுதிகளில் ஆறு அறை வரை, அனுமதிப்பத்திரத்தோடு, பரிசோதனையோடு. நான் அதற்கு ஆதரவு. பல வீட்டுக்காரருக்கு அது பிடிக்காது, தெரியும். ஒளித்து நடப்பதைப் பரிசோதிக்க முடியாது என்பதைத் தவிர வேறு வாதம் எனக்குத் தேவைப்படவில்லை.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்று. கவுன்சிலரின் மேசைக்கு எத்தனை அழைப்பு, யாருடைய அழைப்பு என்று தொகுத்துக் கொடுப்பது உதவியாளர். பெயர் சொல்லாத அந்த மாணவனின் அழைப்பை ஒரு வரியாக எழுதுவதா, ஒரு பக்கமாக எழுதுவதா, எழுதாமலே விடுவதா என்பது அவர் கையில். இப்படியொரு அதிகாரம் இருபத்துநாலு வயதுப் பெடியனிடம் இருக்கிறது, அவனை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அதே நேரம் அவனுக்குத் தொழிற்சங்கம் இல்லை, கவுன்சிலர் தோற்றால் அவனுக்கும் வேலை இல்லை. அப்படிப்பட்டவன் "இது பிழை அண்ணை" என்று கவுன்சிலருக்கு முகத்துக்கு நேரே சொல்லுவானா?

சொல்லவேண்டிய இடங்கள் வரும். ரொப் ஃபோர்ட் கவுன்சிலராக இருந்தபோது, நகரசபைக் கடிதத்தாளில் தன் அமெரிக்கன் ஃபுட்போல் அறக்கட்டளைக்குப் பணம் கேட்டு எழுதினார். வந்த 3,150 டொலரைத் திருப்பிக் கொடு என்றது சபை. மேயரான பிறகு 2012-ல் அதே விடயம் சபைக்கு வந்தபோது அவரே பேசி வாக்களித்தார். அந்த வருட நவம்பரில் ஒரு நீதிபதி, அவருடைய மேயர் பதவி பறிபோகும் என்று தீர்ப்புச் சொல்ல, அடுத்த யனவரியில் மேல்நீதிமன்றம் அதை மாற்றியது. எங்கள் பக்கம் கோயில் திருவிழா மலருக்கும் பழைய மாணவர் சங்க இரவுக்கும் "கவுன்சிலரின்ரை கடிதத்தாளில ஒரு ஆதரவுக் கடிதம்" கேட்டு வருபவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வாழ்த்து எழுதலாம். பணம் சேர்த்துக் கொடுக்க எழுதமுடியாது. முடியாது என்றதும் "தமிழன் எண்டு பாக்கேல்லை" என்று பேசுவீர்கள், பரவாயில்லை. தேர்தல் காலத்தில் ஒபிஸ் தொலைபேசியையும் அச்சுப்பொறியையும் உதவியாளரின் வேலைநேரத்தையும் பிரசாரத்துக்குத் தொடக்கூடாது என்பதும் அதே வகைதான்.

ஆகவே, உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் வேட்பாளரிடம் சிலதைக் கேளுங்கள். எத்தனை பேரை வைத்திருப்பீர்கள்? அதில் எத்தனை பேர் உங்கள் சொந்தக்காரர், பிரசாரத்துக்கு வந்தவர்கள்? நிகழ்ச்சிநிரலை வாசிக்கத் தெரிந்தவர் அதில் யார்? தமிழில் பேசத் தெரிந்தவரை வாசலில் இருத்துவீர்களா, அல்லது பிரேரணை எழுதுகிற மேசையில் இருத்துவீர்களா? நான் பார்த்தவரை எங்கள் பிள்ளைகளை வாசலில்தான் இருத்துகிறார்கள்.

வேட்பாளர் இதற்கெல்லாம் முழிக்கிறார் என்றால், அவர் எங்கட ஆளோ வேற்று ஆளோ, நான் வாக்குப் போடமாட்டேன்.

பிறகு "இவ்வளவு தெரிஞ்சவர் நீரே கேட்கலாமே" என்று இன்பொக்ஸுக்கு வரவேண்டாம். எனக்குக் கைகுலுக்க வராது, நிகழ்ச்சிநிரல் வாசிக்கத்தான் வரும். அது எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது, மாநகரசபை இணையத்தளத்தில் தொகுதி இலக்கத்தைப் போட்டே தேடலாம். குழுக் கூட்டத்தில் பேச வேண்டுமென்றால் செயலாளருக்கு முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்பிப் பதிய வேண்டும். ஐந்து நிமிடம் தருவார்கள், கூட்டம் கூடினால் அதையும் குறைப்பார்கள். பதிவது எப்படி என்று தெரியாதவர்கள் கீழே கேளுங்கள், சொல்லித்தருகிறேன்.